படத்தில் நீண்டிருந்த கை

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. அதை நான் மறைப்பதில்லை. பால்காரி காலையில் பல்லைக் காட்டிச் சிரித்தால், நேற்றைய பாலைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைப்பேன். பாதிரியார் பிரசங்கத்தைச் சட்டென்று முடித்தால், அவர் வீட்டு அடுப்பில் வாத்து வேகிறது என்று நினைப்பேன். பெரும்பாலும் நான் நினைப்பது சரியாகவே இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு மாடி ஜன்னலும் அதற்கு வெளியே ஒரு தெருக்கண்ணாடியும் கிடைத்தால் கேட்க வேண்டுமா? கோபன்ஹேகனில் எந்த மாடிவீட்டு ஜன்னலைப் பார்த்தாலும் இரும்புக் கம்பியில் அந்தக் கண்ணாடி துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டே, தலையை வெளியே நீட்டாமல், தேவாலயம் வரைக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரியும் அவள் ஜன்னலில் உட்கார்ந்து அதையேதான் செய்தாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் வீடு தெருவின் மேல்முனையில். அங்கிருந்து தேவாலயத்தைப் பார்த்து நின்றால், கொஞ்சதூரம் தள்ளி இடப்பக்கம் என் கணவர் லௌரிட்ஸின் கையுறைக் கடை. அதற்கு நேர் எதிரே, வலப்பக்கம், செவெரினின் சீப்புக் கடை. கொம்பை அறுத்து, இழைத்து, சீப்பு செய்வது அவன் தொழில். அவன் மனைவி டோர்த்தே எனக்கு நெருங்கிய தோழி. தோழி என்றால், அவளை மட்டும் நான் கொஞ்சம் குறைவாகச் சந்தேகப்பட்டேன் என்று அர்த்தம்.

போன இலையுதிர் காலத்தில், வீடு மாறும் நாளன்று அந்த விபத்து நடந்தது. எங்கள் ஊரில் வாடகை வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில்தான் வீடு மாறுவார்கள். தெரு முழுவதும் வண்டி, கட்டில், அலமாரி, அழுகிற குழந்தைகள். மேலேயிருந்து கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்த ஒரு அலமாரி, கயிறு அறுந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் பீர் வண்டிக் குதிரைகள் இரண்டும் மிரண்டு, பீப்பாய்களோடு தெருவில் பாய்ந்தன. கிழவர் கிரோன்பெக் நடுத்தெருவில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். சக்கரம் அவர் மேல் ஏறியது.

நான் அப்போது மீன் வாங்கிக்கொண்டு கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். தெருவிலிருந்த மற்றவர்களைப் போல நானும் குதிரைகளைத்தான் பார்த்தேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். வேறெதுவும் பார்க்கவில்லை. தினமும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவள், பார்க்க வேண்டிய ஒன்று நடந்தபோது வாய் பிளந்து குதிரையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரோன்பெக்குக்காக யாரும் அதிகம் அழவில்லை. கையுறைக்காரர் சங்கத்துக்குத் தலைவர், தெருவில் பாதி வீடுகளுக்குச் சொந்தக்காரர், எல்லாரையும் நாய் மாதிரி நடத்தியவர். சங்கத்து விருந்தில் என் கணவரின் கையுறைகளைத் தூக்கிக் காட்டி, மாட்டுக்காரிகள் பால் கறக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிரிக்கவைத்தவர். லௌரிட்ஸ் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு மட்டும் எழுந்து நின்று, "நீ ஒருநாள் தெருவுல விழுந்து கெடப்ப, நான் உன்னத் தாண்டிக்கிட்டுப் போவேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

சவத்தைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. அவருடைய நீலக் கோட்டின் பின்புறம் தொங்கும் வால்துணி ஒன்று அடியோடு பிய்ந்துபோயிருந்தது. சக்கரத்தில் சிக்கியிருக்கும் என்றார்கள். தெருவில் தேடியும் கிடைக்கவில்லை. கந்தல் பொறுக்குகிறவள்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று நான் அப்போதே சந்தேகப்பட்டேன். நல்ல கம்பளித் துணி.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தோம். படம் வந்தது வசந்தத்தில்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டு முன்னறையில் டிட்லெவ் என்ற ஓவியன் குடியிருந்தான். ஓவியக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பையன். ஒல்லி, அடங்காத பசி, அதைவிட அடங்காத பெருமை. விபத்துக்குச் சில நாட்கள் முன்பு ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு, என் ஜன்னலோரத்து நாற்காலியிலேயே கிடந்தான். நான் கொண்டுபோய் வைத்த பீரில் ரொட்டி ஊறவைத்துக் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களைக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருப்பான். கால் சரியானதும் தெருவில் இறங்கி, குளிரில் மூக்கு சிவக்க, நூல் பிடித்து அளந்து வீடுகளை வரைந்தான். அவனுடைய பேராசிரியர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாராம்: ஒரு செங்கல்கூட உத்தேசமாக இருக்கக்கூடாது. பிறகு கழகத்துக்குப் பக்கத்தில் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

சார்லொட்டன்போர்க் அரண்மனையில் வருஷாவருஷம் நடக்கும் கண்காட்சியில் அவன் படத்தை மாட்டினார்கள். மிரண்ட பீர் வண்டிக் குதிரைகள், எங்கள் தெரு, கீழே விழுந்துகொண்டிருக்கும் கிரோன்பெக். ஊரே போய்ப் பார்த்தது. எங்கள் தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கடையைத் தாண்டும்போது எல்லாரும் தெருவின் மறுபக்கமாக நடந்தார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த நான் பின்னலைக் கீழே வைத்தேன்.

ரொட்டிக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். படத்தில் எங்கள் கையுறைக் கடை வாசலில் ஒரு மனிதன் நிற்கிறானாம். முதுகுதான் தெரிகிறது, தொப்பி, சாம்பல் கோட்டு. அவன் கை கிரோன்பெக்கின் முதுகை நோக்கி நீண்டிருக்கிறதாம். எதிர்ப்பக்கம் சீப்புக் கடை வாசலில் இன்னொருவன் முகம் தெரியாதபடி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறானாம். அவ்வளவுதான் சொன்னாள். ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

கண்காட்சிக்குப் போய் நானே பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. போகாமலேயே எல்லாம் தெரிந்தது. கையுறை தைக்க வேண்டுமென்றால் வாடிக்கையாளர் கையை என் கணவர் தன் உள்ளங்கையில் வாங்கி, விரல் விரலாக அளக்க வேண்டும். அந்தக் கையில் கை கொடுக்க இப்போது யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு அம்மாள் கடைக்குள் வந்து, தோலைத் தொட்டுப் பார்த்து, லௌரிட்ஸ் கையை நீட்டியதும் தன் கையை இழுத்து குளிருக்குக் கை நுழைத்துக்கொள்ளும் ரோம உறைக்குள் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சங்கத்துக் கூட்டத்தில் அவருக்கு இருபுறமும் நாற்காலி காலியாகக் கிடந்ததாம். யாரோ எங்கள் கடைக் கதவில் கரியால் ஒரு கையை வரைந்திருந்தார்கள். நான் அதைத் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் மறுபடி வரைந்திருந்தது.

போலீஸ் அதிகாரி வந்தார். கடை வாசலில் நின்று தெருவைக் காலால் அளந்துவிட்டு, அன்றைக்கு எங்கே நின்றீர்கள் என்று லௌரிட்ஸைக் கேட்டார்.

"என் கடை வாசல்லதான்."

"வாசல்ல வேற யாரும் இருந்தாங்களா?"

"இல்ல, நான் மட்டுந்தான்."

"அவரு விழுந்தத யாரு பக்கத்துலயிருந்து பாத்தா?"

லௌரிட்ஸ் கொஞ்சநேரம் தோல் வெட்டும் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கவனிக்கவில்லை என்றார். அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் நீதிமன்றத்துக்கு வந்து இதையே சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே போய் இவர் இதையே சொன்னால், படத்தில் இருக்கிறவன் நான்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. கொலைக்கு இந்த ஊரில் தலையை வெட்டுவார்கள்.

கவனிக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால் அவர் எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்சநேரம் என்னைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்லப் பழகாத ஆள் பொய் சொன்னால் அப்படித்தான் சொல்வார். எதை மறைக்கிறார்? மறைக்க ஒன்றுமில்லாத ஆள் ஏன் மறைக்கிறார்? கட்டிய கணவரைச் சந்தேகப்படக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் காய்ந்த ரொட்டித்துண்டு மாதிரி நெஞ்சில் உட்கார்ந்துகொண்ட எண்ணத்தை எப்படி விழுங்குவது, எப்படித் துப்புவது?

சாப்பாட்டு மேஜையில் அவர் ரொட்டி வெட்டும்போது நான் அவர் கையைப் பார்த்தேன். பெரிய கை. தோலை இழுத்து இழுத்துத் தடித்த விரல்கள். கத்தியைப் பிடிக்கும்போது, உப்பை எடுக்கும்போது, சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது பார்த்தேன். அந்தக் கை என் தோளில் பட்டால் உடம்பு ஒரு கணம் இறுகியது. அவருக்குத் தெரியாதென்று நினைத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. 

டோர்த்தே ஒருத்திதான் முன்போலவே வந்துபோனாள். செவெரின் வருவதில்லை. முன்பெல்லாம் மாலையில் கடையைச் சாத்தியதும் தெருவைக் கடந்து வந்து லௌரிட்ஸோடு புகையிலைக் குழாய் புகைத்துவிட்டுப் போவான். இப்போது அவனுக்கு இருமலாம், தலைவலியாம். அவனும் எங்களை ஒதுக்கிவிட்டான் என்று எனக்கு எரிச்சல். டோர்த்தேயிடம் சாடையாகச் சொல்லியும் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது, ஆனால் வருவதை நிறுத்தவில்லை. கடைசியில் அவள்தான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்: கண்காட்சி முடியப்போகிறது, ஊரெல்லாம் பார்த்ததை நீ பார்க்காமல் பயந்து சாவதைவிட ஒருமுறை பார்த்துவிடு என்று.

படம் நான் நினைத்ததைவிடச் சிறியது. என் ஜன்னல்பலகை அளவுதான் இருக்கும். ஆனால் எங்கள் தெரு அப்படியே இருந்தது. உடைந்த தண்ணீர்க்குழாய், சீப்புக் கடைப் பலகை, எங்கள் கடைக்கு மேலே தொங்கும் தகரக் கையுறை, எல்லாம். குதிரைகளின் வாயில் நுரை. கிழவர் முன்னால் சாய்ந்து, காற்றில் கைகளை விரித்து, பாதி விழுந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இடப்பக்கம், தகரக் கையுறைக்குக் கீழே, அந்த மனிதன். அந்தக் கை.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கண்ணை வேறெங்காவது வைக்கவேண்டும் என்று தேடியபோது, கீழ்மூலையில் என்னையே கண்டேன். கூடை கையிலிருந்து நழுவுகிறது, மீன்கள் சிதறுகின்றன, வாய் திறந்திருக்கிறது. மேல்நோக்கித் திரும்பிய முகம். என் முகமேதான். கோணல் வாய், உதட்டோரத்து மரு, எல்லாம் தினமும் நான் பார்க்கிற மாதிரியே இருந்தது. அவ்வளவு துக்கத்திலும் அந்தப் பையனை மெச்சினேன்.

"என்னைய அச்சு அசலா புடிச்சிருக்கான் பாரேன்," என்றேன்.

டோர்த்தே கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "எங்க, அக்கா? உன்ன மாதிரியே இல்ல. யாரோ உன் தங்கச்சி மாதிரி இருக்கு."

"உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? மருகூட இருக்கு."

"மரு இருக்கு, எடம் தப்பு." அவள் விரலால் என் இடக்கன்னத்தைக் குத்தினாள். "உனக்கு இங்க. அவன் அந்தக் கன்னத்துல வச்சிருக்கான். வாயும் அந்தப் பக்கமா கோணுது. நான் தெனம் பாக்குற மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

நான் தினம் பார்க்கிற முகம் எனக்கும் தெரியும். அவளோடு மல்லுக்கு நிற்க வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது. என் முகத்தை நான் தினம் பார்ப்பது கண்ணாடியில். கண்ணாடிக்குள் இருக்கிறவளுக்குத்தான் மரு அந்தப் பக்கம். டிட்லெவ் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தான்? கால் வீங்கி, எழுந்திருக்க முடியாமல், என் நாற்காலியில், என் தெருக்கண்ணாடிக்கு முன்னால்.

நான் படத்தில் என் கூடையைப் பார்த்தேன். அது இடக்கையில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து கூடையை வலக்கையில்தான் தூக்குவேன்.

டோர்த்தேயிடம் ஒன்றும் விளக்காமல் அவளை இழுத்துக்கொண்டு டிட்லெவின் அறைக்குப் போனேன். பக்கத்துத் தெருதான். பையன் வறுத்த ஹெர்ரிங் மீன் தின்றுகொண்டிருந்தான். தன் படத்துக்கு முன்னால் கூட்டம் மொய்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவனை அடக்கி, அன்றைக்குக் கிறுக்கிய காகிதத்தை எடு என்றேன். எடுத்தான். சில கோடுகள்தான்: விழுகிற கிழவர், குதிரை, கை நீட்டியவன், தலையில் கை வைத்தவன், நான். வீடுகள் இல்லை. வீடுகளைப் பிறகுதானே தெருவில் நின்று அளந்து வரைந்தான்.

"இத எதப் பாத்து வரஞ்ச?"

"தெருவப் பாத்துதான், மதாம்."

"ஜன்னல் வழியாவா, கண்ணாடியிலயா?"

"கண்ணாடியிலதான். எனக்குத்தான் எந்திரிக்க முடியலையே." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் மெல்லுவது நின்றது. சுவரில் மாட்டியிருந்த சிறிய முகச்சவரக் கண்ணாடிக்கு முன்னால் காகிதத்தைப் பிடித்தான். பார்த்தான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஒவ்வொரு செங்கல்லையும் அளந்து வைத்தவன், மனிதர்களை இடம்வலம் மாற்றி வைத்துவிட்டான். இனி தன்னைப் பேராசிரியர் படியேற விடமாட்டார் என்று புலம்ப ஆரம்பித்தான். ஒரு மனிதனின் தலை போகப்போகிறது, இவனுக்குப் பேராசிரியர் கவலை. அவன் காதைத் திருகலாம் போலிருந்தது. கை நீட்டியவன் தள்ளினானா, பிடித்தானா என்று கேட்டேன். கை நீண்டிருந்தது, அதற்குமேல் தெரியாது என்றான்.

எனக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது. அந்தக் கை என் கணவருடையது இல்லை. அவர் எங்கள் கடை வாசலில்தான் நின்றார். ஆகவே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றவன்தான் லௌரிட்ஸ். கை நீட்டியவன் எதிர்ப்பக்கம் நின்றவன். சீப்புக் கடை வாசலில்.

அப்போதுதான் டோர்த்தேயைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் எனக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு முடித்திருந்தாள். சுவரோடு சாய்ந்து நின்றாள். அவளுக்கும் எனக்கும் தெரிந்த இன்னொன்று இருந்தது: செவெரினின் கடை கிரோன்பெக்கின் கட்டடத்தில் இருந்தது. அடுத்த வீடு மாறும் நாளுக்குள் காலி செய் என்று கிழவர் அவனிடம் சொல்லியிருந்தார். கிழவர் செத்ததும் அவருடைய வாரிசு இவர்களை அங்கேயே இருக்கவிட்டார். விருந்தில் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையைவிட அது பெரிய காரணம். தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். எங்கள் தெரு முனை வந்ததும் அவள் நின்றாள்.

"போய்ச் சொல்லுக்கா. உன் புருஷன் உயிரு. நான் வழிமறிக்க மாட்டேன்." கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் கன்னத்தில் விரலால் குத்தி, தன் புருஷன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டவள், என்னைத் திட்டக்கூட இல்லை.

நான் நேராக லௌரிட்ஸிடம் போனேன். அவர் மேஜையில் ஆட்டுத்தோலை விரித்து நீவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்: கண்ணாடி, மரு, கூடை, காகிதம், பையன் சாட்சி சொல்வான், நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். அவர் குதிக்கவில்லை. தோலை மெதுவாகச் சுருட்டி வைத்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்லங்க. டோர்த்தேக்குத் தெரியும். அது செவெரினோட கையி."

"எனக்குத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை. தெரியும் என்றால்?

"நான் நேர் எதுக்க நின்னேன், அபெலோனே. கண்ணால பாத்தேன். கெழவர் குதிரைக்கு முன்னால போயி நின்னாரு. அவன் பாஞ்சு கோட்டப் புடிச்சு இழுத்தான். வாலு பிஞ்சு அவன் கையிலயே வந்துருச்சு. அந்தத் துணிய வச்சுக்கிட்டு நின்னு அழுதான்."

"அத ஏன் சொல்லல? போலீஸ்கிட்ட? எங்கிட்ட?"

"சொன்னா என்ன நடக்கும்? கை அவனோடதுதான்னு ஆகும். இழுத்தான்னு யாரு நம்புவா? வீட்ட விட்டுத் தொரத்தினவர, அவன் காப்பாத்தப் போனான்னு இந்தத் தெரு நம்புமா?" அவர் என்னைப் பார்த்தார். "சும்மா தலையில கைய வச்சுக்கிட்டு நின்னவன் நான். என்னையே நீ நம்பல."

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"ஒரு தடவ கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்ல. பாத்துக்கிட்டே இருந்த."

தெருவையே வேவு பார்த்தவள், மேஜைமேல் கிடந்த தோல் துணுக்குகளைப் பொறுக்கினேன். முகத்தில் சூடாக ஏறியது. அழுகை வந்தது, அழுவதற்கும் வெட்கமாக இருந்தது.

அப்போது கடை மணி அடித்தது. செவெரின் நின்றான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தான். இத்தனை நாளில் பாதியாக இளைத்திருந்தான். டோர்த்தே அவனிடம் சொல்லிவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. அவன் கோட்டின் உள்பையிலிருந்து எதையோ எடுத்து எங்கள் மேஜைமேல் வைத்தான். நீலக் கம்பளித் துணி, பிய்ந்த தையல் நூல் தொங்கிக்கொண்டு, ஒரு பித்தளைப் பொத்தானோடு.

"கொம்புப் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன், லௌரிட்ஸ். எரிச்சிரலாம்னு எத்தன தடவ எடுத்தேன். எரிக்கவும் முடியல, எடுத்துக்கிட்டு வரவும் தைரியம் இல்ல. நீ வாயத் தொறக்கல. நான் உன்ன விட்டுட்டுக் கடைக்குள்ள உக்காந்திருந்தேன்."

லௌரிட்ஸ் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தார். தோலைப் பார்க்கிற மாதிரியே, எங்கே இழுபட்டது, எந்தப் பக்கம் பிய்ந்தது என்று விரலால் தேடினார். "பின்னால இழுத்தாத்தான் இப்படிப் பிய்யும். தள்ளினா பிய்யாது," என்றார். தொப்பியை எடுத்தார். "வா, சேந்தே போவோம்."

அவர்கள் போவதை எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்க்க ஓடினேன். பழக்கத்தில் கண் கண்ணாடிக்குத்தான் போனது. அதில் இருவரும் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். எவர் எந்தப் பக்கம் என்று ஒரு கணம் குழம்பிவிட்டது. எனக்கே ஆத்திரம் வந்தது. ஜன்னலை மேலே தள்ளித் திறந்து, எதிர்வீட்டுக்காரி பார்த்தால் பார்க்கட்டும் என்று, இடுப்பு வரைக்கும் வெளியே சாய்ந்து நேராகப் பார்த்தேன். லௌரிட்ஸ் இடப்பக்கம். அவர் கை செவெரினின் தோளில் இருந்தது. சீப்புக் கடை வாசலில் டோர்த்தே நின்றுகொண்டிருந்தாள். நான் கீழே இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் நகரவில்லை. கொஞ்சநேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ் அதிகாரி கிழவரின் கோட்டை வாரிசிடமிருந்து வாங்கி, துணியைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பொருந்தியது. டிட்லெவ் காதுவரை சிவந்து தன் கண்ணாடிக் கதையைச் சொன்னான். விபத்து என்று முதலில் எழுதியிருந்ததையே மறுபடி எழுதினார்கள். தெருவில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர் இப்போது சீப்புக் கடையைத் தாண்டும்போது மறுபக்கமாக நடக்கிறார்கள். அவர்களில் யாராவது என் கண்ணில் பட்டால், நான் மாடியிலிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறேன். படத்தை ஏதோ பிரபு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அங்கே அவர் வீட்டு விருந்தாளிகள் அந்தக் கையைப் பார்த்து என்ன பேசிக்கொள்கிறார்களோ.

அவர்கள் இருவரும் போலீஸிடம் போய்வந்த அன்று மாலை, செவெரின் குழாய் புகைத்துவிட்டுப் போன பிறகு, நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். லௌரிட்ஸ் ரொட்டியை எடுத்து மார்போடு அணைத்துக் கத்தியால் வெட்டினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை இருந்த திசைக்கே என் கண் போகவில்லை. ஒரு துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இத்தன நாளா என் கையையே பாத்துக்கிட்டிருந்தியே," என்றார். "இப்பவாவது என் மூஞ்சியப் பாரு."